பண்டிகை நாளில் வரும் கொலையாளி

ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்த ‘பேட்மேன்: தி லாங் ஹாலோவீன்’ 1996–97இல் 13 இதழ்களாக வந்தது. காத்தம் நகரில் ஒவ்வொரு பண்டிகை நாளிலும் ஒரு கொலை. .22 துப்பாக்கி, அதன் வாயில் சத்தத்தை அடக்கப் பால்புட்டியின் ரப்பர் காம்பு, பக்கத்தில் அந்தப் பண்டிகைக்குரிய ஒரு சின்னப் பொருள். பால்குடிக் குழந்தையின் பொருள் கொலைக்கருவியில் மாட்டியிருப்பதைப் பார்த்த கணமே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சேலின் கோடுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவருக்கு நிறங்களைச் சரிவரப் பிரித்தறியும் பார்வை இருக்கவில்லை. வண்ணம் தீட்டியவர் கிரெகரி ரைட். அதனால்தானோ என்னவோ, சேலின் பக்கங்களை நிழலே தாங்குகிறது. பேட்மேனின் அங்கி பாதிப் பக்கத்தைக் கருமையாக விழுங்க, மீதியில் ஒரு தாடை மட்டும் தெரியும். கொலைக் காட்சிகள் வந்தால் நிறம் வடிந்து கறுப்பு வெள்ளையாகிவிடும். எங்கோ ஓரிடத்தில் மட்டும் வண்ணம் ஒட்டியிருக்கும். கண் அங்கேயே போய் நிற்கும். துப்பு கண்ணெதிரே இருந்தும் பிடிபடாது.

இதழுக்கு ஒரு வில்லனைக் கொண்டுவருவது சில இடங்களில் கதையைத் தேங்க வைக்கிறது. ஆனால் பேட்மேன், போலீஸ் அதிகாரி கார்டன், அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் மூவரும் மொட்டை மாடியில் செய்துகொள்ளும் உடன்பாடு மெல்ல மெல்லச் சிதைவதுதான் உண்மையான கதை. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும், கடைசிப் பக்கங்கள் அந்த முடிச்சை மறுபடி இளக்கிவிடுகின்றன. நான் உடனே முதல் இதழை எடுத்தேன்.