புனைகதைப் பாதிரியாரும் புத்தளக் கரையும்

காலனியத்தைப் பேசும் நாவலில் பாதிரியார் வந்துவிட்டால் நம் திறனாய்வாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அங்கிக்குள் ஆணவம், ஆணவத்துக்குப் பின்னால் பீரங்கி என்று தீர்ப்பெழுதிவிடலாம். இந்த வாசிப்பில் உண்மை உண்டு. போதுமான உண்மை இல்லை.

கதையை யார் சொல்கிறார், யாருடைய வாய் அடைபடுகிறது என்று கேட்கப் பழக்கியது இந்த வாசிப்புத்தான். சினுவா அச்சிபி 1958இல் வெளியிட்ட, ஈழத்தவரான என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழாக்கிய நாவலின் முடிவைப் பாருங்கள். நாயகன் ஒக்கொங்வோ தூக்கில் தொங்குகிறான். வெள்ளைக்கார ஆணையாளரோ, தான் எழுதப்போகும் நூலில் அவனுக்கு ஒரு பத்தி போதும் என்று கணக்குப் போடுகிறார். அந்த ஒரு பத்திக்குள் இருக்கும் வன்முறையை நமக்குக் காட்டியது காலனிய எதிர்ப்புத் திறனாய்வு.

ஆனால் அதே நாவலில் தேவாலயத்தை நாடி முதலில் போகிறவர்கள் யார்? ஊர் ஒதுக்கிவைத்தவர்கள், இரட்டைப் பிள்ளைகளைக் காட்டில் எறியக் கொடுத்த தாய். இவர்களை 'ஏமாந்தவர்கள்' என்று ஒரு வரியில் கடக்கும் திறனாய்வாளர், அந்த ஆணையாளரின் வேலையையே செய்கிறார். கே. டானியலின் 'கானல்' நாவலிலும் ஒடுக்கப்பட்டோர் சாதிக்குத் தப்பவே மதம் மாறுகிறார்கள்; சாதி அவர்களை விடுவதாயில்லை. வெள்ளைக்காரரை மட்டும் குற்றம்சாட்டினால் உள்ளூர்க் குற்றவாளி தப்பிவிடுகிறார்.

புத்தளக் கரையின் வரலாறும் இந்தச் சூத்திரத்துக்குள் அடங்காது. 1578இல் முன்னேஸ்வரம் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதற்குச் சாக்குப்போக்கு எதுவும் இல்லை. பின்னர் கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே. அவர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகள், 1690 அளவில் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளத்துக்கு வந்து பணியாற்றினார். வெள்ளையர் துரத்திய இந்தியக் குருவுக்குப் பௌத்த மன்னரின் மண் இடம் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டில் சிலாபம் - நீர்கொழும்புக் கரையின் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவர் பிள்ளைகளைச் சிங்களக் கல்விக்குத் திருப்பியதில் திருச்சபைக்கும் பங்குண்டு. அப்போது சிலாபத்தில் ஆயராக இருந்தவர் இந்நாட்டவரே.

ஆகவே பாதிரியாரின் நிறத்தை வைத்து நாவலை எடைபோடக் கூடாது. அவர் கையில் இருந்த அதிகாரம் எவ்வளவு, அவரிடம் போனவர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் கேள்வியோடு நிற்கும் திறனாய்வு, ஆண்டவனைப் பற்றி மட்டும் பேசி அடியவனை மறந்த பிரசங்கத்தைப் போன்றதே.