காத்திருக்கும் நெஞ்சமும் நம் இலக்கியமும்

காத்திருத்தலைத் தமிழைப் போல் விரித்துப் பாடிய மொழிகள் சிலவே. வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் திரும்புவான் என நம்பி ஆற்றியிருக்கும் தலைவியின் 'இருத்தல்' முல்லைக்கு உரிப்பொருளாயிற்று. கடலை நோக்கிக் கலங்கும் 'இரங்கல்' நெய்தலுக்கு உரிப்பொருளாயிற்று. நாம் வாழும் இராயபுரமும், அதற்கு வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும், துறைமுகமும் ஆலைகளும் வந்து சூழ்ந்த பின்னரும் நெய்தல் நிலங்களே. கடலுக்குச் சென்ற படகுக்காகக் கரையில் நிற்கும் பெண்களை இன்றும் இங்கே காணலாம். இப்பகுதியில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் (மறைவு 1838) பரம்பொருளை மனோன்மணி எனும் காதலியாக உருவகித்து ஏங்கிப் பாடியதும் ஒருவகைக் காத்திருப்பே அன்றோ?

ஆயினும், ஒரு காத்திருப்பு நம் ஏடுகளில் இடம்பெறவில்லை. தன் மார்பகத்தில் ஒரு கட்டி இருப்பதைத் தற்செயலாகக் கையால் உணர்ந்த பெண், அது இன்னதென்று மருத்துவர் சொல்லும் வரை கழிக்கும் நாட்களையே குறிக்கின்றோம். அந்நாட்களைத் தமிழ் முஸ்லிம் இலக்கியம் ஏன் எழுதவில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி நூலகத்தில் பிறந்ததன்று. இவ்வாண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், இஷாத் தொழுகைக்குப் பின், நம் இல்லத்தார் நம்மிடம் வந்து சிறிது நேரம் பேசாமல் நின்றார்கள். பின்னர், "நெஞ்சுல ஒரு கட்டி மாதிரி இருக்குதுங்க. நோன்பு முடியட்டும்னு இருந்தேன்" என்றார்கள். ஒரு மாதம்! ஸஹருக்கு எழுந்து சமைத்து, இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சி, தராவீஹ் தொழுது, பெருநாளன்று வந்தோரையெல்லாம் முகமலர்ந்து உபசரித்த அந்த ஒரு மாதமும் அதனைத் தனியே சுமந்திருக்கின்றார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்த நாம் அறிந்தோமில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றோம். புறநோயாளிச் சீட்டு எழுதுமிடத்தில் "என்ன உடம்புக்கு?" என்று கேட்டார்கள். "நெஞ்சுல நோவு" என்றார்கள் நம் இல்லத்தார். அருகில் நின்ற நாமும் திருத்தவில்லை. இதயப் பிரிவுக்குச் சீட்டு எழுதப்பட்டது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று ஈ.சி.ஜி. எடுத்து, "இதயம் நன்றாக இருக்கிறது, போய் வாருங்கள்" என்ற நற்செய்தியுடன் வெளியே வந்தோம். கேட்ட கேள்விக்கு உரிய பதிலைத்தான் அவர்கள் தந்தார்கள். பிழை நம் சொல்லில் இருந்தது. நம் மகள் தன் அலுவலகத்திலிருந்து விரைந்து வந்து, "அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி. அதைக் காட்ட வேண்டும்" என்று தெளிவாகச் சொன்ன பிறகே உரிய மருத்துவரைக் கண்டோம்.

அன்றிரவு நாம் நம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி இது: ஒரு சொல்லை உரைக்க நாம் ஏன் அஞ்சினோம்?

அரபு மதரஸாவில் முப்பதாண்டுகளாக ஃபிக்ஹு நூல்களைப் போதித்து வருகின்றோம். 'ரளாஅத்' எனும் பாலூட்டுதலைப் பற்றிய பாடத்தில், எத்தனை முறை பால் அருந்தினால் பாலுறவு உண்டாகும், யார் யாருக்கு மணம் விலக்கப்படும் என்றெல்லாம் மாணவர்களுக்குத் தயக்கமின்றி விளக்கியிருக்கின்றோம். நூலில் உரைத்த நா, சீட்டு எழுதுமிடத்தில் ஒட்டிக்கொண்டது.

இதனை 'நாணம்' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆயின் நம் முன்னோர்க்கு இந்நாணம் இருந்ததா? பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தைப் புரட்டுக. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குச் செவிலித் தாயாய் அமைந்த அன்னை ஹலீமா (ரலி) அவர்களைப் பாடும் பகுதிக்கு 'அலிமா முலையூட்டுப் படலம்' என்றே பெயர். கூச்சமோ கொச்சையோ அங்கில்லை. மார்க்கப் பற்றில் நம்மில் யாருக்கும் குறையாத புலவர் அவர். அவர் தலைப்பாகவே வைத்த சொல்லை, நாம் இன்று நோயுற்றபோதும் உச்சரிக்க இயலாதோராய் நிற்கின்றோம். நாணம் வளர்ந்ததா, மொழி சுருங்கியதா? மொழியே சுருங்கியது என்பது நம் முடிபு.

நபித் தோழியரின் வரலாறும் இதற்குச் சான்று. அன்னை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், உண்மையைப் பேசுவதில் அல்லாஹ் நாணுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டே பெண்களுக்குரிய நுண்ணிய ஐயத்தை நபிகளாரிடம் கேட்டார்கள். அன்ஸாரிப் பெண்களை நாணம் கல்வியினின்றும் தடுக்கவில்லை என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். ஈமானின் கிளையான நாணம் தீமையைத் தடுப்பது, மருந்தைத் தடுப்பதன்று. சிகிச்சைக்குத் தேவையான அளவு மருத்துவர் உடலைப் பார்ப்பதை ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நூல்கள் அனுமதிக்கின்றன. பெண் மருத்துவர் கிடைப்பின் அவரிடம் செல்வது சிறப்பு. கிடைக்காதபோது நாட்களைக் கடத்துவது பேணுதலாகாது.

நிற்க. பிறர் இலக்கியம் இதனை எவ்வாறு கையாண்டது என்பதையும் காண்போம். கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்னர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாரசீக மன்னர் தாரியுஸின் அரசி அத்தோஸாவைப் பற்றி எழுதுகின்றார். அரசியின் மார்பகத்தில் ஒரு கட்டி தோன்றிற்று. சிறிதாயிருந்தவரை வெட்கத்தால் யாரிடமும் சொல்லாது மறைத்தாள். அது உடைந்து பரவத் தொடங்கிய பின்னரே தெமோசெதெஸ் எனும் கிரேக்க மருத்துவரை அழைத்தாள். அவர் குணப்படுத்தினார். அது புற்றா, வேறு கட்டியா என்பது மருத்துவ வரலாற்றாரின் வழக்கு. நமக்கு வேண்டியது வேறு: பேரரசின் அரசியையும் நம் தெருப் பெண்ணையும் ஒரே வெட்கம் ஆண்டிருக்கின்றது. ஆயின் ஹெரோடோட்டஸ் அவ்வெட்கத்தை ஒரு வரியில் முடித்துவிடுகின்றார். அம்மருத்துவர் தாயகம் திரும்பச் செய்த சூழ்ச்சிக்கு ஒரு காரணமாகவே அந்நோய் அவருக்குப் பயன்படுகின்றது. அரசி இரவுகளில் என்ன நினைத்தாள் என்பதை அவர் கேட்கவில்லை.

அதனைக் கேட்டு எழுத, நோயுற்ற பெண்ணே எழுதுகோல் ஏந்த வேண்டியிருந்தது. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி 1810ஆம் ஆண்டு மார்பகத்தில் சிறு வலியை உணர்ந்தார். தாமாகவே மருத்துவரை நாடவில்லை. கணவர் வற்புறுத்திய பின்னரே இணங்கினார். 1811 செப்டம்பர் 30ஆம் நாள் பாரிஸில், தம் வீட்டிலேயே, மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்தில், நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் லாரே அவர் மார்பகத்தை அகற்றினார். 1812இல் தம் சகோதரிக்கு எழுதிய நெடுமடலில் இவற்றையெல்லாம் விவரித்துள்ளார். அம்மடலில் நம்மை உலுக்குவது கத்தியைவிட அதற்கு முந்திய பொழுதே. அடுக்கி வைக்கப்பட்ட துணிக்கட்டுகளையும் பஞ்சையும் பார்த்துக்கொண்டு அறையில் முன்னும் பின்னும் நடக்கின்றாரே, அப்பகுதியை நம் இல்லத்துப் பெண்கள் நன்கு அறிவர். அவர் அதன்பின் பல்லாண்டு வாழ்ந்து 1840இல் மறைந்தார். தமக்கு நேர்ந்ததை மற்றொரு பெண்ணுக்குச் சொல்லி வைத்ததே அம்மடலின் பெருமை.

அவ்வாறாயின் நம்மிடம் அத்தகைய எழுத்தே இல்லையா? இருக்கின்றது, நாம்தாம் சரியாக ஓதவில்லை. திருமறையின் 'அல்கஸஸ்' அத்தியாயத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் அன்னையைக் காண்க. குழந்தைக்குப் பாலூட்டுமாறும், அஞ்சும் நிலை வந்தால் ஆற்றில் விடுமாறும், அஞ்சவோ கவலுறவோ வேண்டாமென்றும், குழந்தை திரும்பி வரும் என்றும் இறைவனே அவ்வன்னைக்கு அறிவித்தான். இதைவிட உறுதியான வாக்கு யாருக்குக் கிடைக்கும்? ஆயினும் மறுநாள் காலை அவ்வன்னையின் உள்ளம் 'ஃபாரிஃக்' ஆயிற்று, அதாவது வெறுமையாயிற்று என்கின்றது திருமறை. மகனின் நினைவன்றி வேறெதுவும் இல்லாது வெறுமையாயிற்று என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். இறைவன் உள்ளத்தை உறுதிப்படுத்தாவிடில் உண்மையை வெளியிட்டிருப்பார்கள் என்றும் திருமறை கூறுகின்றது.

இவ்வசனத்தை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கின்றோம். 'ஃபாரிஃக்' எனும் சொல்லின் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கின்றோம். அதன் பொருள் விளங்கியது மருத்துவமனையின் மரப்பலகையில், ஊசிச் சோதனை முடித்து வெளிவந்த நம் இல்லத்தாரின் முகத்தைக் கண்டபோதுதான்.

அவ்வசனம் தரும் பாடங்கள் இரண்டு. நெஞ்சம் கலங்குவது ஈமானின் குறைவன்று என்பது முதலாவது. வஹியால் வாக்களிக்கப்பட்ட தாயே கலங்கினார் எனில், "தவக்குல் வை, அழாதே" என்று பெண்ணை அதட்ட நாம் யார்? இரண்டாவது பாடம் அடுத்த வசனத்தில் உள்ளது. அவ்வன்னை கலங்கிய நிலையிலேயே தம் மகளை அழைத்து, தம்பியைப் பின்தொடர்ந்து பார்த்துவர அனுப்பினார்கள். நம்பிக்கையும் முயற்சியும் அங்கே ஒருங்கே நடந்தன. நம் இல்லத்திலும் மகளே முன்நின்றாள் என்பதை எண்ணும்போது நம் கண்கள் பனிக்கின்றன.

ஆகவே நம் விமர்சனம் இதுவே. நம் முனாஜாத்துகள் 'நோய் தீர்ப்பாயாக' என்று பொதுப்பட இறைஞ்சின. நோயின் பெயரையும் நோயுற்ற உறுப்பையும் அவை சொல்லவில்லை. கதைகளில் தாய்மார் பொறுமையின் சிகரங்களாய் வந்தனர். அப்பொறுமைக்குள் மறைந்திருந்த அச்சத்தை யாரும் எழுதவில்லை. மௌனத்தைப் போற்றும் இலக்கியம் மௌனத்தையே வளர்க்கும். அம்மௌனத்திற்குரிய விலையைப் பெண்கள் செலுத்துகின்றனர்.

அவ்விலை சிறிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த நம் மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, புற்று தொடக்கத்தில் சிறிதாய், முழுவதும் அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் அகற்றலாம் என்றும், அவ்விடங்களுள் ஒன்று மார்பகம் என்றும் எழுதினார். நாட்பட்டுப் பெருத்ததைத் தாமோ பிறரோ குணப்படுத்தக் கண்டதில்லை என்றும் ஒளிக்காமல் உரைத்தார். இன்று மருத்துவம் எவ்வளவோ முன்னேறியுள்ளது. எனினும் காலம் தாழ்த்தலாகாது என்ற அவர் அறிவுரை மாறவில்லை. நம் நகரிலேயே, 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரை மறைத்து வைக்கவில்லை. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்கு அத்துயரே வித்து.

சகோதரியர் அறிய வேண்டியவை சில உள. இத்தகைய கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. இளம் பெண்களுக்குத் தோன்றும் நார்க்கட்டிகளும், நடுவயதில் தோன்றும் நீர்க்கட்டிகளும் பல. எனினும் எது எதுவென்று கையால் தடவித் தீர்மானிக்க இயலாது. மருத்துவர் தொட்டுப் பார்த்தல், மாமோகிராம் அல்லது ஸ்கேன், ஊசியால் திசு எடுத்துச் சோதித்தல் ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்கின்றனர். வலியில்லாததால் தீங்கில்லை என்பது தவறு. ஊசி பட்டால் நோய் பரவும் என்பதும் ஆதாரமற்ற அச்சமே. எண்ணெய் தேய்த்து உருவுவதும் பற்றுப் போடுவதும் நாட்களைத் தின்னும். ஓதிப் பார்த்தலும் துஆவும் நம் உரிமை. அவை மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் ஆகும்.

இதனை எழுதும் இவ்வேளையில் சோதனை முடிவு வரவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கின்றார்கள். அடுத்த அறையில் நம் இல்லத்தார் மகளுடன் பேசிக்கொண்டிருக்கும் ஒலி கேட்கின்றது. இக்கட்டுரையை அச்சிடலாமா என்று அவர்களிடமே கேட்டோம். சற்று யோசித்து, "எழுதுங்க. எவளாவது ஒருத்தி நோன்பு முடியட்டும்னு இருக்காம போவாளே" என்றார்கள்.

நாம் எழுத வந்த விமர்சனத்தை அவர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். மூஸாவின் அன்னையின் உள்ளத்தை உறுதிப்படுத்திய வல்ல ரஹ்மான், காத்திருக்கும் எல்லா உள்ளங்களையும் உறுதிப்படுத்துவானாக! ஆமீன்.