முதலில் லாக் அனுப்புங்கள்

ஸ்டோரேஜில் பழுது என்று சப்போர்ட் கேஸ் போட்டால் வரும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: லாக் எடுத்து அனுப்புங்கள். ஐபிஎம் ஸ்டோர்வைஸில் அதற்கு ஸ்னாப் என்று பெயர், லினக்ஸ் சர்வரில் எஸ்ஓஎஸ் ரிப்போர்ட். நெட்ஆப்பின் ஆட்டோசப்போர்ட் கேட்காமலே அனுப்பிவிடும். வால்யூம் படுத்துக் கிடக்கும்போது இந்தப் பதிலைப் படிக்கும் நிர்வாகிக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனாலும் லாகை முதலில் கேட்பது சரி என்பதே என் முடிவு. அதோடு வேறெதையும் கேட்காமல் விடுவதுதான் தவறு.

நான்கு டிஸ்க் போட்ட லினக்ஸ் ரெய்டு 5 ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. மேசைக் கணினிக்கென விற்கும் டிஸ்க், படிக்க முடியாத ஒரு செக்டரோடு ஒன்றிரண்டு நிமிடம்கூட மல்லுக்கட்டும். கர்னல் வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். பிறகு ரீசெட் செய்யும். அதற்கும் பதில் வராவிட்டால் ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து வெளியேறும். ரெய்டுக்கென வரும் டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 விநாடியிலேயே முயற்சியை விட்டுவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும்.

நடந்தது இதுதானா என்பதை லாக் சொல்லும். டிமெசெக்கில் டைம்அவுட்டும் ரீசெட்டும் வரிசையாக நிற்கும். ஸ்மார்ட் அட்டவணையில் 197ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்களின் கணக்கு. 199 ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றும் முன் கேபிளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கிலும் ஓர் ஈவென்ட் எண் உண்டு. எதில் அது குறைவோ அந்த டிஸ்க்தான் முதலில் வெளியேறியது, அதிலுள்ள டேட்டா பழையது. எம்டிஆட்மின் எக்ஸாமின் தரும் இந்த விவரத்தை முதலிலேயே எடுத்துவைத்தவருக்கு மீட்க வழி உண்டு. பதற்றத்தில் கிரியேட் கட்டளை அடித்தவரோ, டிஸ்க்குகளின் வரிசையும் டேட்டா தொடங்கும் இடமும் பதிந்திருந்த சூப்பர்பிளாக்கையே அழித்துவிடுகிறார். டிமெசெக்கும் நிலையானதல்ல. புது வரிகள் பழையவற்றைத் தள்ளிவிடும், ரீபூட் செய்தால் மிச்சமும் போகும். டிஸ்க்கில் எழுதும்படி ஜர்னல்டியை அமைக்காத சர்வர்களில் அதன் பதிவுகளும் ரேமோடு போய்விடும். ஆற அமரக் கேள்வி கேட்டுவிட்டு லாகுக்கு வரலாம் என்றால் அதற்குள் தடயம் இருக்காது.

ஆனால் நேற்று மாலை ஸ்விட்சில் யாரோ கேபிள் மாற்றியதன் காரணம் எந்த லாகிலும் இருக்காது. பயனர் மந்தமாக இருக்கிறது என்று சொன்னது எந்த வால்யூமை, எத்தனை மணிக்கு என்பதும் இருக்காது. ஸ்டோரேஜ் யூடிசியில் பதிகிறது என்றால், இந்திய நேரம் காலை 9 மணிப் புகாருக்கு லாகில் 3:30ஐப் பார்க்க வேண்டும். கேஸில் இதை ஒரு வரி எழுதாவிட்டால் மறுமுனைப் பொறியாளர் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடிவிட்டு, பழுது எதுவும் தெரியவில்லை என்று பதில் போடுவார். ஷிஃப்ட் மாறியதும் அடுத்தவர் புது லாக் கேட்பார். அனுப்பியதைத் திறக்காமலே மறுபடி கேட்பது வாடிக்கையாளரை அவமதிப்பது. இரண்டு நாள் கழித்து எடுக்கும் லாகில் பழுது நடந்த நேரமே இல்லாமல் போகலாம்.

இதைவிடக் கவலை தருவது உள்ளே என்ன போகிறது என்பது. உள்நுழைவுச் சேவை நிறுவனமான ஆக்டாவில் நடந்து 2023 அக்டோபரில் வெளிவந்த ஊடுருவலில், அந்நிறுவனத்தின் சப்போர்ட் அமைப்பிலிருந்து 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் எட்டப்பட்டன. பழுது காண்பதற்காக அவர்கள் அனுப்பிய பிரவுசர் பதிவுகள் சிலவற்றில் செஷன் டோக்கன்கள் அப்படியே இருந்தன. ஸ்டோரேஜ் லாகில் ஹோஸ்ட் பெயர், ஐபி, பயனர் பெயர், சமயத்தில் கோப்புப் பாதையும் இருக்கும். மருத்துவமனை சர்வர் என்றால் கோப்பின் பெயரே நோயாளியின் பெயராக இருக்கலாம். எஸ்ஓஎஸ்ஸின் கிளீன் வசதி ஹோஸ்ட் பெயரையும் ஐபியையும் மறைக்கும். எது நோயாளியின் பெயர் என்று அதற்குத் தானாகத் தெரியாது. அனுப்புகிறவர் திறந்து பார்த்தால்தான் உண்டு. சில நிறுவனங்களின் லாக் என்கிரிப்ட் செய்தே வெளிவருவதால் அதற்கும் வழியில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் உள்ளே என்னென்ன இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், கேஸ் மூடியதும் அழிப்பார்களா என்பதை எழுத்தில் தர வேண்டும். ஆதரவு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே இதைக் கேட்டு வாங்கிவிடலாம். வால்யூம் படுத்த பிறகு பேரம் பேச நேரம் இருக்காது.