எந்த ஊசி போட்டால் உள்ளே விடுவார்கள்?

2021 கோடையில் தமிழ்நாட்டில் கொரோனா தடுப்பூசி பற்றி இரண்டு மனநிலைகள் அக்கம்பக்கமாக இருந்தன. நடிகர் விவேக் ஏப்ரல் 15இல் ஊசி போட்டுக்கொண்டு 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு பின்னர் சொன்னது. ஆனால் அதற்குள் பலர் முகாம் பக்கமே வரத் தயங்கினார்கள். அதே நாட்களில், வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தவர்களும், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து ஊரில் மாட்டிக்கொண்டவர்களும் ஊசி எங்கே கிடைக்கும் என்று அலைந்தார்கள். அவர்களுடைய கேள்வியே வேறு: எந்த ஊசி போட்டால் அந்த நாட்டில் உள்ளே விடுவார்கள்?

பெருந்தொற்றுக் கால விமானப் பயணியின் மனப்போக்கு முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதைத் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது. பயணத்துக்கு ஊசியைக் கட்டாயமாக்கிய ஏற்பாடு அவர்களை அப்படித்தான் யோசிக்க வைத்தது.

அந்த ஏற்பாட்டின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஆலன் ஜாய்ஸ், பன்னாட்டுப் பயணிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கப்போவதாக 2020 நவம்பரிலேயே அறிவித்தார். பல மணி நேரம் மூடிய அறையில் தோளோடு தோள் உட்கார்ந்து வரும் பயணிக்கு, பக்கத்து இருக்கைக்காரர் ஊசி போட்டவர் என்பது ஒரு தெம்பு. ஆரம்ப காலத் திரிபுகள் வரை தடுப்பூசி தொற்றையும் ஓரளவு குறைத்தது. விளம்பரத்துக்கு அசையாதவர்களைப் பயணச் சீட்டு அசைத்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. கனடா 2021 அக்டோபர் 30 முதல் உள்நாட்டு விமானத்துக்கே சான்று கேட்டது.

கோளாறு, எந்த ஊசி செல்லும் என்ற பட்டியலில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுச் சான்று 2021 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோது அஸ்ட்ராஜெனெகா ஊசி அதில் இருந்தது. அதே மருந்தைப் புனேயில் சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு இல்லை. நாடுகள் பிறகு ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஏற்றன. செப்டம்பரில் பிரிட்டன் வெளியிட்ட விதிப்படி, இந்தியாவில் இரண்டு ஊசி போட்டவரும் போடாதவர் கணக்கில் சேர்ந்து 10 நாள் தனிமையில் இருக்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் கோவிஷீல்டு சரி, சிக்கல் சான்றிதழில்தான் என்றார்கள். அக்டோபர் 4 முதல் பிரிட்டனிலிருந்து வருவோருக்கு இந்தியாவும் அதே 10 நாளை விதித்தது. ஒரே வாரத்தில், 11ஆம் தேதி, லண்டன் இறங்கி வந்தது. இந்தப் பேரத்தில் வைரஸுக்கு எந்த இடமும் இல்லை.

கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் நவம்பர் 3 வரை வரவில்லை. அதற்கு முன்பே, சவுதியில் வேலை பார்த்த ஒருவர், இரண்டு கோவாக்சினுக்கு மேல் கோவிஷீல்டும் போட அனுமதி கேட்டுக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மருத்துவர் சொல்லாத ஊசியை வேலைக்காகக் கேட்க வேண்டிய நிலை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையாகப் படுவது இடைவெளி விவகாரம். கோவிஷீல்டு ஊசிகளுக்கிடையே 12 முதல் 16 வாரம் விட்டால் பலன் கூடும் என்று சொல்லித்தான் மே மாதம் அரசு இடைவெளியை நீட்டியது. ஜூனில், படிப்புக்கும் வேலைக்கும் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போகிறவர்கள் மட்டும் 28 நாளில் இரண்டாவதைப் போட்டுக்கொள்ளலாம் என்றது. அவர்களும் முண்டியடித்துப் போட்டுக்கொண்டார்கள். கூடுதல் பாதுகாப்பா, சீக்கிரம் கிடைக்கும் சான்றா: பயணி சான்றைத்தான் தேர்ந்தார். அவர் இடத்தில் யாரும் அதையே செய்திருப்பார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு ஏன் இந்தக் கூச்சல் இல்லை? ஆப்பிரிக்கா போகிறவர் கிண்டி கிங் நிலையத்தில் ஒரு ஊசி போட்டு மஞ்சள் அட்டையோடு கிளம்புகிறார். அட்டை வாழ்நாள் முழுக்கச் செல்லும். எல்லா நாட்டுக்கும் ஒரே அட்டை, ஒரே அளவுகோல். கொரோனா ஊசிக்கு இந்த இரண்டு தகுதியும் கிடையாது. தொற்றுப் பரவலை ஊசி எவ்வளவு தடுக்கும் என்பது தெரியாது, எல்லோருக்கும் போதுமான ஊசியும் இல்லை என்று சொல்லி, 2021 ஜனவரியிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழு இந்த நிபந்தனை வேண்டாம் என்றது. அந்த ஆண்டு நவம்பர் 26இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய இரண்டு விமானங்களில் 600க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 61 பேருக்குத் தொற்று. தடுப்பூசிச் சான்றோ சோதனைச் சான்றோ காட்டி ஏறியவர்கள்தாம்.

ஒமிக்ரான் திரிபு வந்ததோடு விதி தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்கா 2021 நவம்பர் 8இல் வெளிநாட்டவருக்கு மட்டும் கொண்டுவந்த கட்டாயத்தை 2023 மே வரை விடவில்லை. தன் குடிமக்களை ஊசி இல்லாமலே, முதலில் சோதனையோடும் 2022 ஜூனுக்குப் பிறகு சோதனையும் இல்லாமலும் அனுமதித்தது. டென்னிஸ் வீரர் ஜோகோவிச் 2022 அமெரிக்க ஓபனுக்குப் போக முடியாததற்குக் காரணம் ஊசி போடமாட்டேன் என்ற அவருடைய பிடிவாதம் மட்டுமல்ல, இந்தக் கடவுச்சீட்டுப் பாகுபாடும்தான். அவருடைய பிடிவாதத்தை நான் ஆதரிக்கவில்லை. விதியை மதிக்காதவரின் வாதத்துக்கு விதியே வலு சேர்த்தது என்பதுதான் எரிச்சல்.

இந்தியாவில் 2022 ஏப்ரல் 10இல் 18 வயது கடந்தோருக்கு மூன்றாம் ஊசி தனியார் மையங்களில் திறந்துவிடப்பட்டபோது ஆர்வம் மந்தமாகவே இருந்தது. மே மாதம், வெளிநாடு போகிறவர்கள் மட்டும் ஒன்பது மாத இடைவெளிக்குக் காத்திராமல், போகிற நாட்டின் விதிப்படி முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. ஊசி போடும் நாளை மறுபடியும் போகிற நாடுதான் குறித்தது.