ஆர்டி 350-ஐ ரேவடிக் கரையில் ரசிப்பது எப்படி

வல்வெட்டித்துறையில் கப்பலைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் குறைவு. இங்கே கட்டப்பட்டு, இந்த ஊர்க் கடலோடிகளே பாய் விரித்து ஓட்டிச் சென்று, 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த அன்னபூரணியின் கதை பிள்ளைகளுக்கும் தெரியும். பாய் போய் எஞ்சின் வந்த பிறகு அந்தப் பேச்சு ஏனோ அடங்கிப் போயிற்று. ரேவடியிலும் ஆதிகோவிலடியிலும் கரையேற்றி வைத்திருக்கும் பைபர் படகுகளின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் யமஹா எஞ்சினை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது தொழிலுக்குப் போகும் சாமான், அவ்வளவுதான். அதே யமஹா 1973-இல் வெளியிட்ட ஆர்டி 350 என்ற மோட்டார் சைக்கிளின் பெயரைச் சொன்னால், கடலுக்கு அப்பால் சென்னையிலும் பெங்களூரிலும் இன்றைக்கும் கண்கள் விரியும். ஒன்று உழைக்கும் எஞ்சின், மற்றது ஓட்டப் பந்தயத்துக்குப் பிறந்தது. ஆனால் இரண்டின் உள்ளேயும் இருப்பது ஒரே டூ ஸ்ட்ரோக் தத்துவம். படகு எஞ்சினைப் பார்க்கப் பழகியவருக்கே ஆர்டியின் அருமை முழுதாக விளங்கும் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்து வீதிகளை ஆண்டவை ஹொண்டா எம்டி 90-உம் சீடி 125-உம்தான்; ஆர்டியை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. அதன் உறவுக்கார எஞ்சின் நாள்தோறும் கரையில் கிடக்கிறது.

முதலில் எஞ்சினில் என்ன இல்லை என்று பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் வால்வுகள், அவற்றைத் தள்ளும் கேம், அதைச் சுழற்றும் சங்கிலி என்று ஒரு பட்டாளமே உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டரின் தலைப்பகுதியில் பிளக் தவிர வேறொன்றும் இல்லை. சிலிண்டர்ச் சுவரில் சில துவாரங்கள். மேலும் கீழும் போகும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வெடிப்பு. அதனால்தான் சின்ன எஞ்சினில் பெரிய பலம் கிடைக்கிறது, இருவர் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் எடையில் ஒரு படகு எஞ்சினைச் செய்ய முடிகிறது. ஆனால் இந்த எளிமைக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிஸ்டன் கீழே இருக்கும் அந்தக் கணத்தில் புதுக் கலவை வரும் வழியும் பழைய புகை போகும் வழியும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. புகையை வெளியே தள்ளவும் வேண்டும், பின்னாலேயே வரும் புதுக் கலவை அதோடு ஓடிப்போகாமல் தடுக்கவும் வேண்டும். கதவே இல்லாத இடத்தில் காவல் காக்கும் வேலை இது. டூ ஸ்ட்ரோக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

ஆர்டி அதை எப்படிக் கையாண்டது என்பதைப் புரிந்துகொள்ள அதன் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். பந்தயத்துக்குத் தயார் செய்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் அந்தக் குழாய் மெல்லியதாகத் தொடங்கி, வயிறு பெருத்து, மீண்டும் ஒடுங்கும். அழகுக்காக வைத்த வளைவல்ல அது. துவாரம் திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, மிச்சப் புகையை இழுத்து எடுக்கிறது. ஒடுங்கும் இடத்தில் மோதிய பகுதி தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே ஓடிவந்துவிட்ட புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் அடைக்கிறது. பிஸ்டன் அந்தத் துவாரத்தை மூடுவதற்குச் சற்று முன்பாக இது நடந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்டி 350 தன் 39 குதிரைவலுவைத் தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செக்கன். புகைத்துவாரம் திறந்திருப்பது அதில் ஏறத்தாழ பாதி, 4 மில்லி செக்கன். சூடான புகையில் அலை செக்கனுக்குச் சுமார் 500 மீற்றர் போகும் என்று வைத்தால், அந்த நேரத்தில் 2 மீற்றர் ஓடும். போக 1, வர 1. குழாயின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குத்தான். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், வெறும் தகரத்தின் வடிவத்தால் செய்த வால்வு அது.

இதற்கு ஒரு விலை உண்டு. குழாயின் நீளம் மாறாது, வேகம் மாறும். 7500 சுற்றில் சரியாக வந்து சேரும் அலை 3000 சுற்றில் நேரங்கெட்ட நேரத்தில் வந்து காரியத்தைக் கெடுக்கும். ஆகவே எஞ்சினின் பலம் ஒரு குறுகிய வேக எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆர்டிக்கு ஆறு கியர் ஏன் என்பதற்கு இதுவே பதில்: எஞ்சினை அந்த எல்லையை விட்டு இறங்கவிடாமல் பிடித்து வைக்க. ஆர்டி ஓட்டியவர்கள் வியந்து சொல்லும் அந்தத் திடீர்ப் பாய்ச்சல், அலை சரியான நேரத்துக்கு வந்து சேரத் தொடங்கும் கணம். இப்போது படகு எஞ்சினுக்கு வாருங்கள். அதற்கு முன்னே போக ஒரே கியர். வலையும் மீனும் ஆளுமாகப் பாரம் ஏறிய படகை அலைக்கு எதிரே தள்ளும்போது கியர் மாற்றித் தப்பிக்க வழியில்லை. அதனால் துவாரங்களைச் சிறிதாக்கி, உச்ச வேகத்தைக் குறைத்து, 5000 சுற்றை ஒட்டி நின்று இழுக்கும்படி அதை வடித்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் தானாக வெடித்து எஞ்சின் தட்டும். ஒரே தத்துவத்தை ஒருவர் வேகத்துக்கும் மற்றவர் பொறுமைக்கும் வளைத்த விதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

இவை இரண்டுக்கும் நடுவே இன்னொரு பாலமும் உண்டு. ஆர்டியின் காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ரீட் வால்வு என்ற மெல்லிய தகடுகள் இருக்கின்றன. உள்ளே உறிஞ்சும்போது வளைந்து வழிவிடும், உள்ளிருந்து தள்ளும்போது தானே மூடிக்கொள்ளும். குறைந்த வேகத்தில் கலவை காபரேட்டர் வழியாகத் திரும்பி உமிழப்படுவதை இது நிறுத்தியது. அந்தக் குறுகிய எல்லையைக் கொஞ்சம் அகலமாக்கியது. யமஹா இதை எழுபதுகளின் தொடக்கத்தில் பெருமையோடு விளம்பரப்படுத்தியது. ஆனால் படகு எஞ்சின்களில் ரீட் வால்வு அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பந்தய வண்டி படகிடம் கடன் வாங்கிய இடம் இது. படகு எஞ்சினை மட்டமாகப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இது ஜப்பானியரின் அறிவே அல்ல, ஜெர்மானியரிடம் எடுத்தது என்று ஒரு வாதம் உண்டு. பாதிக்கு மேல் உண்மை. யமஹாவின் முதல் வண்டியான 1955-ஆம் ஆண்டு வைஏ-1, ஜெர்மனியின் டிகேடபிள்யூ RT 125-ஐப் பார்த்துச் செய்தது. அலையைக் கட்டி ஆளும் புகைக்குழாயைப் பக்குவப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியில் எம்ஸெட் நிறுவனத்துப் பொறியியலாளர் வால்டர் காடன். அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கே தப்பி, அந்த அறிவோடு சுஸுகியில் சேர்ந்து, அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். திருட்டு என்றால் திருட்டுத்தான். ஆனால் காடனின் எஞ்சின் பந்தயத் திடலுக்கு உரியது. அதைச் சாதாரண ஆள் காலையில் உதைத்துக் கிளப்பி வேலைக்குப் போகும் பொருளாக்கியது ஜப்பான். 1964-இல் யமஹா கொண்டுவந்த ஆட்டோலூப் என்ற எண்ணெய்ப் பம்ப் அதற்குச் சான்று: பெற்றோலில் எண்ணெயைக் கையால் கலக்கும் தொல்லை அதோடு போயிற்று. நம் படகுகளில் பெரும்பாலும் இன்னும் கையால்தான் கலக்கிறோம் என்பது வேறு கதை.

ஃபோர் ஸ்ட்ரோக்தான் உயர்ந்த பொறியியல், ஹொண்டாவைப் பார் என்பார் இன்னொருவர். அதற்கு ஹொண்டாவே பதில் சொல்லியிருக்கிறது. 1979-இல் என்ஆர் 500 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியோடு டூ ஸ்ட்ரோக்குகளை வெல்லப் புறப்பட்டு, முடியாமல், 1982-இல் தானே என்எஸ் 500 என்ற டூ ஸ்ட்ரோக்குக்கு மாறி, மறு ஆண்டு பிரெடி ஸ்பென்ஸரைக் கொண்டு உலகப் பட்டத்தை எடுத்தது.

கடினமான ஆட்சேபம் புகையும் செலவும். காபரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றும் எரிபொருளில் ஏறத்தாழ கால்பங்கு எரியாமலே வெளியேறுகிறது. ஆர்டியின் குடும்பத்தை அமெரிக்கச் சந்தையிலிருந்து விரட்டியது மாசு விதிகள். இந்தியாவில் எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் 350 என்று வெளியிட்ட வடிவத்தை, குதிரைவலுவைக் குறைத்தும், எரிபொருள் கணக்குப் பார்க்கும் வாங்குநர்கள் தொடவில்லை. இங்கே, 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது வடக்குக் கடற்றொழிலாளர் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. இதை மறைத்துவிட்டு ரசிக்கச் சொல்வது பொய். ஆனால் அந்த விரயம் தனியாக ஒட்டிக்கொண்ட குறையல்ல. கதவில்லாத அமைப்பின் மறுபக்கம். இரண்டு துவாரமும் ஒன்றாகத் திறப்பதால்தான் எஞ்சின் இலேசாகவும் வலுவாகவும் இருக்கிறது, அதனாலேயே எரிபொருளும் தப்பி ஓடுகிறது. குறையும் அழகும் ஒரே இடத்திலிருந்து வருவதைக் காண்பது ரசனையைக் கூர்மையாக்கும். 1990-களின் பொருளாதாரத் தடையில் சிறிது பெற்றோலைப் பாய்ச்சிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய குடாநாட்டுக்கு எஞ்சினின் பலவீனத்தைப் படிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை.

கரைக்குப் போகிறவர்கள் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எஞ்சினைக் கிளப்பியதும் அது சீராக ஓடாது. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் வெடிப்பது போலத் தடக்கித் தடக்கி ஓடும். பழைய புகை முழுதாக வெளியேறாததால் புதுக் கலவை பற்றத் தவறுகிறது. கைபிடியைத் திருகத் திருக அந்தத் தடக்கல் மறைந்து ஒலி ஒரே இழையாகும். அந்த மாறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பிச் சூடேற்றி மாற்றும்போது புகையின் நிறமும் மணமும் மாறுவதைக் கவனியுங்கள். பிறகு எஞ்சின் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறைக்குப் போய், சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். புகைத்துவாரத்தின் மேல்விளிம்பு, பக்கத்துத் துவாரங்களின் மேல்விளிம்பை விடச் சில மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். புகை முதலில் போக வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. எஞ்சின் பந்தயத்துக்கா பாரத்துக்கா என்பதை அந்தச் சில மில்லிமீற்றரே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

படகு உரிமையாளர்களிடமும் பட்டறைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். தேய்ந்துபோன சிலிண்டரையும் உடைந்த ரீட் வால்வையும் பழைய இரும்பு விலைக்குப் போடும்போது ஒரு சோடியை மட்டும் எடுத்து, சிதம்பராக் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். அலை, அழுத்தம், நேரம் மூன்றையும் ஒரே இடத்தில் கையால் தொட்டுக் காட்ட ஆசிரியருக்கு அதைவிட மலிவான கருவி கிடைக்காது.