தில்லைத் திருச்சித்ரகூடமும் சரித்திரகாரரின் நடுவுநிலையும்

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், நடராசர் ஸந்நிதிக்கு அருகே கோவிந்தராஜன் பள்ளிகொண்டருளும் தில்லைத் திருச்சித்ரகூடம், குலசேகராழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த திவ்யதேசமாகும். இதன் சரித்திரத்தை இரு ஸமயத்தாரும் எழுதியுள்ளனர். சான்றுகள் இருவர்க்கும் பொது. அவற்றுள் எடுத்துக்கொண்டவையும் விட்டுவிட்டவையுமே வேறு.

இரண்டாம் குலோத்துங்க சோழன் (1133–1150) இப்பெருமானை அகற்றிக் கடலில் இடுவித்தான் என்பது ஒட்டக்கூத்தர் வாக்கு. சைவச் சார்பினர் சிலர் இதைப் புலவரின் மிகையுரை என்பர். சிலர் திருப்பணியில் நேர்ந்த இடமாற்றம் எனத் தணித்துரைப்பர். அவைப்புலவர் மிகைப்படுத்துதல் இயல்பே. ஆயினும் அவர் தம் அரசனைப் பழிக்கவன்று, புகழவே பாடினார். ஆகவே ஐயுறத்தக்கது விவரமேயன்றிச் செயலன்று.

வைணவர் பக்கத்திலும் குறையுண்டு. எம்பெருமானார் கோவிந்தராஜனைத் திருப்பதியில் எழுந்தருளப்பண்ணினார் என்பது ஸம்ப்ரதாயம். அதற்குப் பலரும் கூறும் ஆண்டு 1130. குலோத்துங்கன் பட்டமேறியதோ 1133. ஆண்டோ அரசனோ மாறவேண்டும். இம்முரண்பாட்டைச் சொல்லாமலே இரண்டையும் அடுத்தடுத்து எழுதிச் செல்வது பக்தியாகாது.

அச்சுததேவராயர் 1539இல் பெருமானை மீண்டும் ப்ரதிஷ்டை செய்வித்தது வைணவ எழுத்துகளில் விரிவாகப் பேசப்படும். 1597இல் நிகழ்ந்ததோ அவ்வளவு பேசப்படுவதில்லை. செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் கோவிந்தராஜன் ஸந்நிதித் திருப்பணியை மேற்கொண்டபோது, அதை எதிர்த்த தீக்ஷிதர்கள் கோபுரத்தின்மேல் ஏறிக் கீழே விழுந்து மாண்டனர் என்றும், மாண்டவர் இருபதின்மர் அளவினர் என்றும் ஏசுசபைப் பாதிரியார் பிமென்டா எழுதியுள்ளார். இரு ஸமயங்களையும் இகழ்ந்தவர் அவர்; எனவே அவர் தீர்ப்புரையை ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் இவ்விருவருள் ஒருவர்க்காகப் பொய்யுரைக்க அவர்க்குக் காரணமுமில்லை. கூத்தர் வாக்கை ஏற்பவர், பிமென்டா அந்நியர் என்பதொன்றைக் கொண்டே அவரைத் தள்ளுதல் முறையன்று.

உத்ஸவம் பற்றிய பிணக்கு இன்றும் தீராத அவ்விடத்தில், ஒருதலைச் சரித்திரம் வெறும் ஏட்டுப் பிழையாக நில்லாது, பகைக்கு விறகாகும்.

நல்வழி ஸம்ப்ரதாயத்திலேயே உள்ளது. பாஷ்யகாரர் ஸ்ரீபாஷ்யத் தொடக்கத்தில் மஹாபூர்வபக்ஷத்தை, எதிரியே எடுத்துரைத்தாற்போல் வலிமை குன்றாமல் விரித்துரைத்த பின்னரே மஹாஸித்தாந்தம் அருளினார். தத்துவ விசாரத்தில் எதிரிக்கு அளித்த அந்நியாயத்தை சரித்திர விசாரத்தில் மறுப்பவர், அவர் அடியொற்றியவராகார்.