அச்சுத் தட்டும் அறுபடாத கோடும்

தீபாவளி நெருங்கினால் நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ சாலை முதல் சன்னிவேல், இர்விங் வரை நம்மவர் கடைகளில் கோல அச்சுகள் வந்துவிடுகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் தாமரை, மயில், குத்துவிளக்கு என்று துளைகள். தரையில் வைத்து, பொடியைத் தூவித் தேய்த்து, தட்டை எடுத்தால் கோலம் தயார். "எல்லாம் போச்சு" என்று பெருமூச்சு விடுவது சுலபம். ஆனால் இந்த அச்சு அமெரிக்காவில் பிறந்ததல்ல. மார்கழியில் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போனால் அச்சுத் தட்டும், உருட்டினால் கோலம் விழும் துளைக்குழாயும் குவிந்து கிடக்கும். எனவே புலம்பெயர்வைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சால் எது முடியும், எது முடியாது என்று பார்ப்பதுதான் நியாயம்.

ஸ்டென்சிலுக்கு ஒரு கட்டாயம் உண்டு. வட்டக் கோட்டை முழுதாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்க இடையிடையே வெட்டாத பாலங்களை விட வேண்டும். மரப்பெட்டிகளில் அச்சிட்ட பூஜ்யம் இரண்டு பிறைகளாகப் பிளந்து நிற்பது இதனால்தான். எல்லாக் கலைக்கும் இது குறையல்ல. பிடிபடுமுன் சுவரில் வரைந்து முடிக்க வேண்டிய பேங்க்சிக்கு அச்சு வேகத்தைக் கொடுத்தது. மதுராவின் சாஞ்சி மரபில் காகித அச்சை வெட்டுவதே கலை. அங்கே பாலங்களும் பின்னலின் பகுதியாகிவிடுகின்றன.

நம் சிக்குக் கோலத்தின் கதை வேறு. புள்ளிகளை வளைத்து, தன்னையே பலமுறை குறுக்கே கடந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கோடு அது. எங்கு பார்த்தாலும் மூடிய வளையங்கள். அதை அச்சாக்க வேண்டுமானால் வளையத்துக்கு வளையம் பாலம் விட வேண்டும், அல்லது கோட்டையே சிறு துளைகளின் வரிசையாக உடைக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் கோடு அறுகிறது. மயிலை அச்சிடலாம்; மயில் மயிலாகவே இருக்கும். சிக்கை அச்சிட்டால் அதன் சாயல்தான் மிஞ்சும்.

இழப்பு கண்ணுக்கு மட்டுமல்ல. 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் சகாக்களும் கோலத்தைக் கணினி மொழிகளுக்குரிய இலக்கணமாகவே எழுதிப் பார்த்தார்கள். சில விதிகள், அவற்றிலிருந்து எண்ணற்ற கோலங்கள். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று எண்ணி வைக்கத் தெரிந்தவர் ஐந்து புள்ளிக் கோலத்தை ஏழுக்கும் ஒன்பதுக்கும் விரிப்பார். அச்சு ஒரே கோலத்தை, ஒரே அளவில் தரும். வாக்கியம் அமைக்கக் கற்றுத்தராமல் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யவைப்பது போல. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

2021 ஜனவரியில் கமலா ஹாரிஸ் துணை அதிபராகப் பதவியேற்றதை ஒட்டி, மேரிலாந்து ஓவியர் சாந்தி சந்திரசேகர் முன்னின்று உருவான கோலம் வேறொரு வழியைக் காட்டியது. பல ஊர்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் சதுரங்களில் தாங்களே வரைந்தார்கள். பிறகு அவை ஒன்றாகச் சேர்ந்து காணொளியில் உலகத்தின் பார்வைக்கு வந்தன. பங்கிட்டுக் கொண்டது அளவையும் இடத்தையும். கோடு அவரவர் கையுடையது.

அச்சைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பனி மூடிய வாசல், கம்பளம் விரித்த அபார்ட்மென்ட் நடை, குனிய முடியாத முழங்கால் எல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு வாங்கும் அச்சு புள்ளிகளை மட்டும் இடுவதாக இருக்கட்டும். தட்டிலேயே இடைவெளி ஒழுங்காக விழுந்துவிடும். புள்ளி கோணிப்போகும் என்ற பயமில்லை. பிறகு கோடு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று அந்தப் பிள்ளைதான் யோசிக்க வேண்டும். முதல் நாள் கோடு எங்கோ முட்டி நிற்கும். அழித்துவிட்டு மறுபடி போடட்டும். இந்தத் தடுமாற்றத்துக்கு மயில் அச்சில் இடமே இல்லை, கோலம் படிவதோ அதில்தான்.